நிலைப்படியைத் தாண்டிய தூதுவர்

முதல் ஜெர்மன் சண்டை மூளுவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்தது இது. அப்போது நான் திருநெல்வேலியில் ஒரு ஹைஸ்கூலில் இங்கிலீஷும் சரித்திரமும் நடத்திக்கொண்டிருந்தேன். ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மருத மரங்களுக்குப் பின்னால் நீளமாக ஓட்டுக் கட்டிடம். நான் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மீசை இன்னும் சரியாக அடர்த்தி பிடிக்கவில்லை என்பதால் தலைப்பாகையை மட்டும் தலைமை ஆசிரியருடையதைவிடப் பெரிதாகக் கட்டிக்கொள்வேன்.

சென்னையில் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த சூடு. அதுவரை எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எப்படி நடந்தது தெரியுமா? வாத்தியார் கரும்பலகையில் அர்த்தம் எழுதிப்போடுவார். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதி உருப்போடுவார்கள். சரித்திரமும் அதே கதிதான். ராஜா பட்டத்துக்கு வந்தார், சண்டை போட்டார், செத்தார். ஏன், எப்படி என்று கேட்டால் பையன்கள் திருதிருவென்று விழிப்பார்கள். நான் இதையெல்லாம் தலைகீழாகப் புரட்டிவிடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பாடத்தில் வருகிற சம்பவத்தை வகுப்பிலேயே நடத்திப் பார்க்க வேண்டும். ஒருவன் ராஜா, ஒருவன் மந்திரி, ஒருவன் எதிரி. புத்தகத்தில் உள்ள வரிகளை ஒப்பிக்கக் கூடாது, அவனவன் சொந்த இங்கிலீஷில் பேச வேண்டும். நடித்து முடித்த பிறகு அதே சங்கதியைப் பற்றிய செய்யுளை வாசிப்போம். அதற்காக ஒரு சட்டமும் போட்டிருந்தேன். வகுப்பின் நிலைப்படிக்கு வெளியே தமிழ், உள்ளே இங்கிலீஷ். தெரிந்த இங்கிலீஷ் போதும், தப்பாக இருந்தாலும் பாதகமில்லை.

தலைமை ஆசிரியருக்கு இது பிடிக்கவில்லை. "என்னவே, பள்ளிக்கூடமா கூத்துக் கொட்டகையா இது? இன்ஸ்பெக்டர் வரட்டும், அவருக்குப் பிடிச்சா நடத்தும். இல்லேன்னா மூட்டையைக் கட்டி வச்சுட்டுப் பழையபடி பாடத்தைச் சொல்லும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வரும் நாளை நான் முகூர்த்த நாள் மாதிரி எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் நடத்துவதற்கு முன்னால் எல்லாவற்றையும் வீட்டில் என் மனைவியிடம் நடத்திப் பார்ப்பேன். அவளுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் எந்த வேஷம் கொடுத்தாலும் போடுவாள். அடுப்பங்கரையில் அகப்பையைச் செங்கோலாகப் பிடித்துக்கொண்டு ராஜாவாக உட்காருவாள். நான் மந்திரியாகக் குனிந்து இங்கிலீஷில் வெளுத்து வாங்குவேன். அவள் ராஜ மிடுக்குடன், "சரி, முதல்ல போயி ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வாரும்" என்று உத்தரவு போடுவாள். சிரித்துச் சிரித்துக் குழம்பு அடிப்பிடித்த நாட்களும் உண்டு.

அந்த வருஷத்துப் பாடத்தில் ஒரு ராஜா வருகிறார். அவருடைய மகன் போர்க்களத்தில் இறந்துபோகிறான். தூதுவன் ஒருவன் அரண்மனைக்கு வந்து அந்தச் செய்தியைச் சொல்கிறான். இன்ஸ்பெக்டருக்கு நடித்துக் காட்ட நான் தேர்ந்தெடுத்தது இந்தக் கட்டத்தைத்தான். வழக்கம்போல வீட்டில் ஆரம்பித்தேன். உன் மகன் இறந்தான் என்பதை அவளுக்குத் தமிழில் அர்த்தம் சொன்னதும் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள், தலைப்பிரசவம். "வயித்துப் பிள்ளைக்காரிகிட்ட வந்து என்ன பாடம் நடத்துதீய நீங்க?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து, "அந்தத் தூதுவனை இப்படிப் போட்டு உடைக்க வேண்டாம்னு சொல்லுங்க. ராஜாவா இருந்தா என்ன, பெத்தவருலா? பையச் சொல்லச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு ராஜாமேல் அவ்வளவு இரக்கம். அதற்குப் பத்து நாளைக்குள் அவளைப் பிரசவத்துக்காகப் பத்தமடையில் அவள் அப்பா வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

தூதுவன் வேஷத்தை யாருக்குக் கொடுத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். வகுப்பிலேயே மூத்த மாணாக்கர் ஒருவர் இருந்தார். இருந்தார் என்று மரியாதையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம் பனங்காட்டு ஊர் அவருக்கு. கல்யாணம் ஆனவர். பரீட்சையில் தவறித் தவறி அதே வகுப்பில் இருந்தார். கடா மீசை. நானும் அவரும் சேர்ந்து நின்றால் யார் வாத்தியார் என்று வெளியாளுக்குச் சந்தேகம் வந்துவிடும். மற்றப் பையன்களை ஏலே என்று கூப்பிடுகிற எனக்கு, அவரை மட்டும் வாரும் போம் என்றுதான் வாயில் வரும். இங்கிலீஷ் அவருக்கு எட்டிக்காய். பாடத்தை ஒப்பிக்கச் சொன்னால் வேர்த்துவிடும். ஆனால் வேஷம் கொடுத்து நிறுத்தினால் எப்படியோ தட்டுத் தடுமாறிச் சொல்லிவிடுவார். என் முறை நல்ல முறை என்பதற்கு அவர்தான் எனக்குச் சாட்சி.

ஒத்திகையின் முதல் நாளே தகராறு வந்தது. தூதுவன் பள்ளிக்கூட வெளிவாசலில் போய்க் காத்திருக்க வேண்டும். ஒரு பையன் ஜன்னலில் நின்று கை காட்டியதும் விரைந்து வந்து, சபைக்குள் நுழைந்து, ராஜா முன்னால் மண்டியிட்டுச் செய்தி சொல்ல வேண்டும். இவர் வந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நிலைப்படிக்கு வெளியே நின்றார். அங்கிருந்தே செய்தியைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

கூப்பிட்டுக் கேட்டேன். வெளியே நின்றபடியே, தமிழில் சொன்னார். "எங்க ஊர்ல துட்டி சொல்ல வந்தவன் நடையைத் தாண்ட மாட்டான் சார். தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டான். சொல்லிட்டுப் போயிட்டே இருக்கணும்." துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் உறவுக்காரர்களுக்கு ஊர் ஊராக ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவார்கள். போகிறவன் வாசலோடு நிற்பான். இது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் இங்கிலீஷ் ராஜாவின் சபைக்கும் பனங்காட்டு வழக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியது. "இன்ஸ்பெக்டர் பார்ப்பாருவே. உள்ள வந்து சொல்லும்" என்றேன். தலையை ஆட்டினார். மறுநாளும் வெளியேதான் நின்றார். கெஞ்சினேன், அதட்டினேன். வேறு யாருக்காவது வேஷத்தை மாற்றிவிடுவேன் என்று பயமுறுத்தினேன். மற்ற எதற்கும் மறுத்துப் பேசாதவர், இதில் மட்டும் அசையவில்லை.

இன்னொரு சங்கதியும் அவர் சொன்னார். செய்தியைக் கேட்டதும் ராஜா என்ன செய்வார், என்ன சொல்வார் என்று எல்லாரையும் யோசிக்கச் சொல்லியிருந்தேன். என்னுடைய முறையில் இதுதான் முக்கியமான பகுதி. மயக்கம் போட்டு விழுவார் என்றான் ஒருவன். மார்பில் அடித்துக்கொள்வார் என்றான் இன்னொருவன். ஐயோ மகனே என்று கதறுவார் என்றான் ராஜா வேஷக்காரன், அவன் நல்ல சூட்டிகையான பையன். இவர் எழுந்து, ராஜா 'வென்?' என்று கேட்பார் என்றார். எப்போது என்று. அது மட்டுமா என்றேன். வகுப்பு முடிந்து வெளியே போகும்போது நிலைப்படியைத் தாண்டியதும் தமிழில் விளக்கினார். "துட்டி கேட்டதும் யாரும் உடனே அழ மாட்டாங்க சார். எப்பம்னுதான் மொதல்ல கேப்பாங்க. அழுகை பொறவுதான் வரும்." செய்யுளில் ராஜா கதறித்தான் அழுகிறார், அதனால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வருவது அடுத்த வாரம் என்று உறுதியாயிற்று. பத்தமடையிலிருந்து வந்த ஆளிடம், இன்ஸ்பெக்டர் வந்து போனதும் மறுநாளே வந்து பார்க்கிறேன் என்று மனைவிக்குச் சொல்லி அனுப்பினேன். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் எல்லாரும் கணக்குப் போட்டிருந்தோம்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ராஜா வேஷக்காரனுக்குக் காய்ச்சல், வரவில்லை. ஒத்திகையை நிறுத்த மனமில்லாமல் நானே ராஜாவாக உட்கார்ந்தேன். வர்ணக் காகிதத்தில் பையன்கள் செய்திருந்த கிரீடத்தைத் தலைப்பாகைக்கு மேலே எனக்கு வைத்துவிட்டார்கள். வகுப்புக்கு ஒரே குஷி. தூதுவர் வெளிவாசலுக்குப் போனார். மந்திரிகள் இரண்டு பேர் போரைப் பற்றித் தப்பும் தவறுமாகப் பேசி முடித்தார்கள். ஜன்னலில் நின்ற பையன் கை காட்டினான். ஆளைக் காணோம். மறுபடி கை காட்டினான். வாசலில் யாரோ ஒரு ஆளோடு பேசிக்கொண்டு நிற்கிறார் என்றான். அதிகாரத்தோடு சத்தம் போட்டுக் கூப்பிடச் சொன்னேன்.

வந்தார். ஓடி வரவில்லை, மெதுவாக நடந்து வந்தார். நிலைப்படிக்கு வெளியே வழக்கமான இடத்தில் நின்றார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். சரி, இன்றைக்கும் இப்படித்தான் என்று நான் நினைத்த நேரத்தில், நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. "குட்! வெரி குட்!" என்று கையைத் தட்டினேன். பையன்களும் தட்டினார்கள். அவர் நேராக என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார். மண்டியிட்டார். முகத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. நடிப்பு இந்த அளவுக்கு வந்துவிட்டதே என்று நான் பூரித்துப்போனேன். எனக்கு மட்டும் கேட்டால் போதும் என்கிற குரலில் ஆரம்பித்தார்.

"சார்..."

சார் இல்லை, 'ஓ கிங்' என்று திருத்தினேன். பின்வரிசைக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். உரக்கச் சொல்லவில்லை. "சார், யுவர் வைஃப் இஸ் டெட். பேபி இஸ் லிவிங்" என்றார், அதே மெல்லிய குரலில். பாடத்தில் மகன்தானே, மனைவி எங்கே வந்தாள் என்று ஒரு கணம் எரிச்சல்கூட வந்தது எனக்கு. பக்கத்தில் நின்ற மந்திரிப் பையன்கள் அவர் தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்துச் சிரித்தார்கள். இன்னொரு முறை சரியாகச் சொல்லச் சொல்லி நான் கையைத் தூக்கினேன். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வகுப்புக்குள் என் சட்டத்தை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான்.

"சார், பத்தமடையிலேர்ந்து வண்டி வந்திருக்கு. அம்மா தவறிட்டாவ சார். பொம்பளைப் பிள்ளை பொறந்திருக்கு, அது நல்லா இருக்காம்."

சிரிப்பு நின்றது. நான் அழவில்லை. கதறவில்லை. என் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வார்த்தை.

"எப்பம்?"

"விடியக்காலம்னு சொல்லுதாரு சார்" என்றார் அவர். பிறகு எழுந்து, என் தலையிலிருந்த காகிதக் கிரீடத்தை இரண்டு கையாலும் பைய எடுத்து மேஜைமேல் வைத்தார். அதை அவர் எடுத்திராவிட்டால் நான் அப்படியே தெருவில் இறங்கி வண்டியில் ஏறியிருப்பேன்.

பத்தமடைக்கு மாட்டு வண்டியில் போனோம். அவரும் ஏறிக்கொண்டார், நான் கூப்பிடவில்லை. வழியெல்லாம் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் பாடிக்கொண்டே நட்டார்கள். உலகம் இப்படி இருக்க முடியுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பாதி வழி தாண்டியதும்தான் எனக்கு அழுகை வந்தது. என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அவரும் அழுதார். என் மனைவியை அவர் பார்த்ததுகூடக் கிடையாது.

வீட்டில் அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மஞ்சள் பூசியிருந்தார்கள், பூ வைத்திருந்தார்கள். குழந்தை உள் அறையில் ஒரு சின்னக் கோரைப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்காகவே என் மாமனார் உள்ளூரில் சொல்லி நெய்து வாங்கியிருந்த பாய் அது. என் மனைவியின் முகத்தைப் பார்த்தபோது என்ன நினைத்தேன் தெரியுமா? பையச் சொல்லச் சொல்லுங்க என்றாளே, அவர் பையத்தான் சொன்னார் என்று அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இதை யாரிடம் சொல்வது? அவளிடம்தான் சொல்ல முடியும். அவளோ கேட்கிற நிலையில் இல்லை. அன்று சாயங்காலம் ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்தது.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். இன்ஸ்பெக்டர் வந்து போய்விட்டிருந்தார். நாடகம் எதுவும் நடக்கவில்லை. தலைமை ஆசிரியர் என்னைத் தம்முடைய நாற்காலியில் உட்காரவைத்து, மோர் வரவழைத்துக் கொடுத்தார். "உம்ம முறையிலேயே நடத்தும்வே. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். இதற்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்! அன்றைக்கு அதைக் கேட்டு ஒரு சந்தோஷமும் வரவில்லை. வகுப்பில் அந்தக் காகிதக் கிரீடத்தைக் காணோம். பையன்கள் எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டார்கள், நானும் கேட்கவில்லை.

அந்த வருஷமும் அவர் பரீட்சையில் தேறவில்லை. படிப்பு போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், கொழும்பில் யாரோ உறவுக்காரர் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்தார். வகுப்புக்கு வெளியே, நிலைப்படிக்கு அந்தப் பக்கம்தான் நின்றார். பேசிவிட்டுப் புறப்படும்போது, மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அத்தனை நாள் நான் சொல்லிக் கேட்காதவர், அன்றைக்கு மட்டும் ஏன் உள்ளே வந்தீர்?

"வண்டிக்காரர் வெளிய நின்னு நானே சொல்லுதேன்னுதான் சார் சொன்னாரு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். வெளிய நிக்கவன் சொல்லிட்டுப் போயிரணும், அதான் முறை. உள்ள வந்துட்டா அப்படிப் போவ முடியாதுலா? கூட இருந்து அழலாம்லா சார்" என்றார். சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. கொழும்பிலேயே தங்கிவிட்டார் என்று கேள்வி. இருக்கிறாரா, இல்லையா என்பதும் தெரியாது.

அதன் பிறகும் வெகு காலம் பாடம் நடத்தினேன். நடிக்கவைப்பதை விடவில்லை. அந்தத் தூதுவன் கட்டத்தை மட்டும் மறுபடி யாருக்கும் வேஷம் கொடுத்து நடத்தவில்லை. அந்தப் பாடம் வரும்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, உங்கள் ஊரில் இந்த மாதிரிச் செய்தியை எப்படிச் சொல்வார்கள், கேட்பவர் முதலில் என்ன கேட்பார் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்வேன். தெரிந்த இங்கிலீஷில் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டுச் செய்யுளை வாசிப்போம். நடுவில் மூக்கைச் சிந்திக்கொள்வேன், ஜலதோஷம் என்று சமாளிப்பேன்.

என் மகளுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். அவள் பிறந்த செய்தியை எனக்குச் சொன்னது யார் என்று சின்ன வயதிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறாள், நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் பார்ப்பதற்காக உள்ளே வாரும் என்று நான் எவ்வளவோ கெஞ்சியும் வராத மனிதர், நான் அழும்போது கூட இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவரும் வற்புறுத்தாமலே அந்த நிலைப்படியைத் தாண்டி வந்தார் என்று நினைக்கும்போதெல்லாம், இந்த வயதிலும் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.